செவலைக்கு ஈர், வெள்ளைக்கு ஒன்றுமில்லை: பாலாற்றங்கரைக் குதிரைகளில் பாட் ஈ முட்டை – ஒரு நிகழ்வு ஆய்வு

பள்ளிகொண்டாவுக்கும் பாலாற்றுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பின் ஓரமாக நான்கு குதிரைகள் வளர்க்கிறார் ஒரு பெரியவர். ஜட்கா ஓட்டிய குடும்பம். ஆட்டோ வந்த பிறகு கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா, சந்தனக்கூடு என்று குதிரை அனுப்பும் தொழிலுக்கு மாறிக்கொண்டது. ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுகிறது. நானும் அப்படியே எழுதுகிறேன். ஐப்பசி பிறந்து நான்காம் நாள் காலையில், கால்நடை மருத்துவரான என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“வெள்ளைப் பெட்டை கடிவாளம் போட விடமாட்டேன் என்கிறது சார். நேற்றுதான் முதல் முகூர்த்தம். கிரீன் சர்க்கிள் பக்கத்தில் தலையை உதறிய உதறலில் மாப்பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.”

வருகிறேன் என்றேன். போனை வைக்கப் போகும்போது, “செவலைக்குக் காலில் ஈர் பிடித்திருக்கிறது. வேப்பெண்ணெய் போட்டும் போகவில்லை. அதற்கும் ஏதாவது எடுத்துக்கொண்டு வாருங்கள்” என்றார். அவர் போகிறபோக்கில் சொன்ன அந்தச் செய்திதான் கடைசியில் பெரிய வேலையாக முடிந்தது.

குதிரைகளைப் பற்றி ஓரிரு வார்த்தை. வெள்ளைப் பெட்டைக்கு ஒன்பது வயது, கத்தியவாரி கலப்பு, பாய் வீட்டின் முதல் சம்பாத்தியம். செவலை ஐந்து வயதுக் காயடித்த குதிரை. அந்த ஆண்டு ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் வாங்கியது. மற்ற இரண்டும் தாயும் மகளுமான மட்டக்குதிரைகள். குழந்தைகளை ஏற்றிச் சுற்றிவர. நான்கும் பகலெல்லாம் ஏரி உள்வாயில் அறுகும் கோரையும் மேயும். இரவில் தோப்புக் கொட்டகையில் கொள்ளும் வைக்கோலும். புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் அந்த ஒரு மாதம் யாரும் குதிரைகளுக்கு பிரஷ் போடவில்லை. காலையில் அவிழ்த்து விட்டால் மாலையில்தான் பிடித்துக் கட்டியிருக்கிறார்கள். இதைப் பாய் ஏதோ புண்ணியம் செய்தவரைப் போலச் சொன்னார்: “நல்ல ஓய்வு கொடுத்தேன் சார்.”

செவலையின் காலிலிருந்து தொடங்கினேன். முன்னங்காலின் உட்பக்கம், முழங்காலிலிருந்து கணு வரைக்கும் வெளிர்மஞ்சள் புள்ளிகள். ஈரக் கையோடு ரவையைத் தொட்டுவிட்டுக் குதிரையின் காலில் துடைத்தாற்போல் இருந்தது. தோளில் கொஞ்சம், விலாவில் கொஞ்சம். பேன் ஈர் என்றால் பிடரியிலும் வாலின் அடியிலும், முடி தோலை விட்டு வெளியே வருகிற இடத்திலேயே ஒட்டியிருக்கும். இவை முடியின் நுனிப்பக்கமாக, ஒரு முடிக்கு ஒன்று என்று உட்கார்ந்திருந்தன. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். லென்ஸில் பார்த்தால் ஒரு முனையைக் கத்தியால் சாய்வாகச் சீவிவிட்டது போல இருக்கும், அதுதான் மூடி. ஈரும் இல்லை, பேனும் இல்லை. கேஸ்ட்ரோஃபிலஸ் இன்டெஸ்டினாலிஸ் என்ற பாட் ஈயின் முட்டை. குதிரையின் முடியில் முட்டையை ஒட்டிவிட்டு, புழுவை அதன் வயிற்றில் வளரவிடும் ஈ இது.

பாய் வீட்டு அம்மா, தன் பேத்திக்கு வைத்திருந்த மர ஈர்வலியை எடுத்துக்கொடுத்து முயன்று பார்த்திருக்கிறார்கள். ஈர்வலியில் இரண்டு பல் முறிந்தது, முட்டை அசையவில்லை. அந்தப் பசை அப்படி. குளிப்பாட்டினாலும் போகாது, பிரஷ் போட்டாலும் போகாது. பிறகு மண்ணெண்ணெய் தடவியிருக்கிறார்கள். முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. செவலையின் இடது முழங்காலுக்குக் கீழே தோல் வெந்து உரிந்திருந்தது.

“வெள்ளைக்கு இல்லையே, பாருங்கள்” என்றார் பாய். இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை அதன் முன்னங்காலில் எதிர்முடியாகக் கீழிருந்து மேலே தள்ளினேன். உப்புத்தாளைத் தேய்ப்பது போல நறநறவென்றது. வெள்ளை முடியில் வெளிர்மஞ்சள் முட்டை எங்கே கண்ணுக்குத் தெரியும்? செவலையில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. பாயின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், மட்டக்குதிரைகளின் காலை அவராகவே போய்த் தடவிப் பார்த்தார். நான்குக்கும் இருந்தது.

பாட் ஈயில் இன்னொரு இனம் தாடைக்கு அடியில் முட்டை வைக்கும். வேறொன்று உதட்டைச் சுற்றிக் கருப்பு முட்டை வைக்கும். அந்த இடங்களையும் தேடினேன். இங்கே இல்லை. இதைத் தேடாமல் காலை மட்டும் சுத்தம் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, ஏனென்றால் தாடைக்கடி முட்டை, குதிரை நக்காமலேயே தானாகப் பொரிந்து வாய்க்குப் போய்விடும்.

பாயின் பேரன், மகள் வழிப் பேரன், பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவன் சொன்னதைக் கேட்டபோதுதான் மிச்சமும் பிடிபட்டது. “தேனீ ஒன்று தினமும் மதியம் வருகிறது சார். கொட்டவே கொட்டாது. காலுக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நின்று, வாலை முன்னால் வளைத்து, முடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடும். உடனே திரும்பி வந்து இன்னொரு தட்டு. குதிரைகள் ஏன் அப்படி மிரண்டு ஓடுகின்றன என்று தெரியவில்லை.” தேனீ போலவே மயிரடர்ந்த உடம்பு, இறகில் மங்கலான கருப்புப் பட்டை. அந்த ஈக்குக் கொட்டும் முள்ளும் இல்லை. உண்பதற்கு உருப்படியான வாயும் இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்துச் சில நாள், மிஞ்சினால் இரண்டு மூன்று வாரம் வாழும். அந்த நாட்களுக்குள் துணை தேடி, ஒரு முடிக்கு ஒரு முட்டை என்று நூற்றுக்கணக்கில் ஒட்டிவிட்டுச் சாகும். ஒவ்வொரு தட்டும் ஒரு முட்டை என்றேன். பையன் செவலையின் காலைப் பார்த்தான். எத்தனை தட்டு என்று மனத்துக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

அடுத்துச் செய்ததை நான் எல்லா இடத்திலும் செய்து காட்டுவதில்லை. பாய் இன்னும் முழுதாக நம்பவில்லை என்பதால் காட்டினேன். கையுறை போட்டுக்கொண்டு, முட்டையோடு பத்துப் பதினைந்து முடியைக் கத்தரித்து ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் விரலை நனைத்து முட்டைகளை மெல்லத் தேய்த்தேன். பிறகு வாயால் ஊதி மூச்சின் சூடு படும்படி செய்தேன். குதிரை தன் காலை நக்கும்போது முட்டைக்குக் கிடைப்பது இதுதான்: ஈரம், சூடு, உராய்வு, மூச்சுக் காற்று. லென்ஸைப் பாயிடம் கொடுத்தேன். மூன்றாவது முட்டையின் மூடி திறந்தது. உள்ளே இருந்து நூல் நுனி போல ஒன்று நெளிந்து வெளியே வந்து, எங்கே வாய் என்று தேடுவது போலத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டியது. பாய் லென்ஸைக் கீழே வைத்துவிட்டுக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

எல்லா முட்டையும் பொரியவில்லை. ஒட்டி ஐந்து நாளாவது ஆகியிருந்தால்தான் உள்ளே புழு தயாராக இருக்கும். சில ஏற்கெனவே மூடி திறந்த வெறும் ஓடுகள்; அவற்றின் சரக்கு எப்போதோ உள்ளே போய்விட்டது, ஓடு மட்டும் பசையின் பலத்தில் தொங்குகிறது. காலில் முட்டை தெரிகிறது என்பதாலேயே அது உயிருள்ள முட்டை என்று ஆகாது. தயாரான புழு குதிரை நக்குகிற வரைக்கும் ஓட்டுக்குள் வாரக்கணக்கில் காத்திருக்கவும் செய்யும். கையுறை ஏன் என்றால், பொரிந்த புழு மனிதத் தோலுக்குள் புகுந்து ஊர்ந்த நிகழ்வுகள் உண்டு, அரிதாகக் கண்ணில் போனதும் உண்டு. முட்டை எடுத்த கையோடு கண்ணைக் கசக்குவது கூடாது.

வாய்க்குள்

வெள்ளையின் வாயை இரும்புச் சட்டம் வைத்துத் திறந்து டார்ச் அடித்தேன். முதலில் கண்ணில் பட்டவை பற்கள். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு கூராகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்திருந்தது. கடிவாளத்துக்குத் தலையை உதற அதுவே போதுமான காரணம். ஆனால் பற்களுக்கு இடையே ஈறு சிவந்து, சிறு சிறு பொத்தல்களோடு வீங்கியிருந்தது. நாக்கின் மேற்புறத்திலும் புண். ஓர் ஈறுப் பொத்தலில் சாமணத்தை விட்டு இழுத்தபோது நொய்யரிசியில் பாதி அளவுக்கு ஒரு புழு வந்தது. பக்கத்திலிருந்து இன்னொன்று. பாய் சொன்ன ஈர், ஈறில் இருந்தது. ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

நக்கியதும் வாய்க்குப் போன புழு நேராக வயிற்றுக்கு இறங்குவதில்லை. நாக்கிலும் ஈறிலும் மூன்று நான்கு வாரம் தங்கும். அதற்குப் பிறகுதான் இரைப்பைக்குப் போய், உணவுக்குழாய் வந்து சேரும் பக்கத்துச் சுவரில் கொக்கி மாட்டிக்கொண்டு எட்டு முதல் பத்து மாதம் குடியிருக்கும். முழு வளர்ச்சி அடைந்ததும் பிடியை விட்டு லத்தியோடு வெளியே வந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, சூடான பருவத்தில் மூன்று முதல் ஐந்து வாரத்தில் ஈயாகும்.

பெரும்பாலான குதிரைகள் இந்தக் குடித்தனத்தைப் பொறுத்துக்கொள்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். எண்ணிக்கை அதிகமானால் இரைப்பைச் சுவரில் புண், தீனியில் விருப்பமின்மை, லேசான வயிற்றுவலி வரலாம். இரைப்பை ஓட்டையாவது மிக அரிது. குதிரை இளைத்தால் உடனே பாட் புழுவின் தலையில் பழியைப் போடும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெள்ளையின் விஷயத்தில் பல் கூரை அரத்தால் ராவினேன், புழுவுக்கு மருந்தும் கொடுத்தேன். பன்னிரண்டு நாளில் கடிவாளம் ஏற்றுக்கொண்டது. எது குணப்படுத்தியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே நாளில் செய்தது மருத்துவராக நான் எடுத்த முடிவு; ஆராய்ச்சியாளராக இருந்தால் செய்திருக்க மாட்டேன்.

மருந்துக்கு முன் ஒரு குழப்பம் இருந்தது. பாய் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். இரண்டு மாதத்துக்கு முன் லத்தியைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார். வட்டப்புழு முட்டை கொஞ்சம் இருப்பதாக எழுதி, வேறு ஒட்டுண்ணி இல்லை என்று முடித்திருந்தார்கள். அதை நம்பி ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்தின் மேல் தவறில்லை. வட்டப்புழு குடலில் முட்டையிடும், அது லத்தியில் வரும், நுண்ணோக்கியில் தெரியும். பாட் ஈ முட்டையிடுவது வெளியே, முடியில். இரைப்பையில் இருப்பது குழந்தைப் புழு, அது முட்டையிடாது. வயிறு நிறையப் பாட் புழு இருந்தாலும் அந்தத் தாளில் ஒன்றும் வராது. ஃபென்பெண்டசோலும் பைரான்டலும் மற்றப் புழுக்களுக்கு எவ்வளவு நல்ல மருந்தானாலும் பாட் புழுவைத் தொடுவதில்லை.

பாட் புழுவுக்கு வேலை செய்வது ஐவர்மெக்டின்; மாக்ஸிடெக்டினும் இரைப்பையில் இருப்பதைக் கொல்லும். நான் குதிரைக்கென்று வருகிற ஐவர்மெக்டின் பசையை வாயில் கொடுத்தேன், கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் வீதம். வாயில் இருக்கும் புழுவுக்கும் இரைப்பையில் இருக்கும் புழுவுக்கும் சேர்த்து இது ஒன்றே போதும். முந்தின ஆண்டு யாரோ ஒரு மருந்துக்கடைக்காரரின் யோசனையில் மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைப் பெரிய மட்டக்குதிரையின் கழுத்தில் போட்டு, அங்கே தேங்காய் அளவுக்கு வீங்கி ஒன்றரை மாதம் சீழ் வைத்திருக்கிறது. குதிரையின் தசையில் அந்த ஊசி போட்ட இடத்தில் கிருமி புகுந்து உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. வாய் வழி மருந்து இருக்கும்போது ஊசி எதற்கு?

அளவுக்கு எடை வேண்டும். பாயின் கண் மதிப்பில் வெள்ளை 400 கிலோ, சின்ன மட்டக்குதிரை 200. தையற்காரரின் நாடாவை எடுத்தேன். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிய அளவை அதே அளவால் பெருக்கி, அதைத் தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையிலான நீளத்தால் பெருக்கி, 11,877ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். வெள்ளைக்குச் சுற்று 160, நீளம் 148: 319 கிலோ. சின்ன மட்டக்குதிரைக்குச் சுற்று 125, நீளம் 112: 147 கிலோ. பாயின் கணக்கில் போயிருந்தால் சின்னதற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகப் போயிருக்கும். ஐவர்மெக்டின் அந்த அளவுக் கூடுதலைக் குதிரையில் பொறுத்துக்கொள்ளும். எல்லா மருந்தும் பொறுக்காது. கொட்டகையில் இரண்டு நாய்கள் உண்டு. சிந்திய பசையையும் மருந்து கொடுத்த குதிரையின் லத்தியையும் அவை தின்னக் கூடாது என்பதால் நான்கு நாள் கட்டிப் போடச் சொன்னேன்.

இரண்டாம் நாளிலிருந்து லத்தியில் புழு விழத் தொடங்கியது. பையன் குச்சியால் கிளறி எடுத்து ஒரு குடியாத்தம் தீப்பெட்டியில் வைத்திருந்தான். வெள்ளையிலிருந்தும் மட்டக்குதிரைகளிலிருந்தும் விழுந்தவை சிறியவை, பாதி வளர்ந்தவை. செவலையிலிருந்து விழுந்தவற்றில் ஏழெட்டு முழு வளர்ச்சி அடைந்தவை: ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல், செங்கல் நிறம், பீப்பாய் போல உடம்பு, வளையம் வளையமாக முள். அந்த அளவுக்கு வளர இரைப்பையில் பல மாதம் வேண்டும். செவலை இங்கே வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆகவே அவை அந்தியூருக்கும் முன்னால் எங்கேயோ ஏறியவை.

“அப்படியென்றால் செவலைதான் கொண்டுவந்து எல்லாருக்கும் ஒட்டியது” என்றார் பாய். பாதி சரி. குதிரையிலிருந்து குதிரைக்குப் புழு நேராக ஒட்டாது. நடுவில் மண்ணும் ஈயும் வேண்டும். செவலை ஆடியில் வந்ததும் கழித்த புழுக்கள் ஏரி மண்ணில் புகுந்து புரட்டாசிக்குள் ஈயாகியிருக்கலாம். ஏரியின் மறுகரையில் மேயும் ஜட்கா குதிரைகளிலிருந்தும் ஈ வந்திருக்கலாம். மட்டக்குதிரைகளிலேயே பழைய குடித்தனம் இருந்திருக்கலாம். செவலையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற என்னிடம் சாட்சி இல்லை. சந்தையில் வாங்கிய குதிரையை நேராக மேய்ச்சலில் விட்டது தவறு என்பதை மட்டும் சொன்னேன்.

முடியில் மிச்சமிருப்பது

மருந்து கொடுத்தாயிற்று, இனி காலைப் பற்றிக் கவலை இல்லை என்றுதான் பாய் நினைத்தார். நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஐவர்மெக்டின் உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும். முடியில் ஒட்டியிருக்கும் முட்டைக்கு அது ஒன்றும் செய்யாது. மருந்தின் வேகம் உடம்பில் குறைந்த பிறகு குதிரை காலை நக்கினால் புதுப் புழு புதுக் குடித்தனம் ஆரம்பிக்கும். அதற்காக மாதாமாதம் மருந்து கொடுத்தால் குடலில் இருக்கும் வட்டப்புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடும். பிறகு உண்மையிலேயே தேவைப்படும்போது மருந்து கை கொடுக்காது. ஆகவே மருந்து ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, முட்டைக்குக் கைதான்.

வெளிநாட்டில் இதற்கென்றே வளைந்த பல் கத்தி விற்கிறார்கள். வேலூரில் எந்தக் கடையில் கேட்பது? பழைய ஹாக்சா பிளேடு ஒன்றைப் பாதியாக உடைத்து, உடைந்த முனையைத் தேய்த்து, கைப்பிடியாகச் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றினோம். பல் மழுங்கிய பிளேடாக இருக்க வேண்டும். புதுசு தோலைக் கீறும். காலை இழுத்துப் பிடிக்காமல், தோளோடு தோள் ஒட்டி நின்று, பிளேடைத் தோலுக்குச் சாய்வாக வைத்து முடி படுத்திருக்கும் போக்கிலேயே கீழ்நோக்கிச் சின்னச் சின்ன இழுப்பாக இழுத்தால் முட்டை பல்லில் மாட்டி, முடியின் நுனியோடு வந்துவிடும். பையனுக்கு முதல் நாள் ஒரு காலுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. ஒரு வாரத்தில் நான்கே நிமிடம். தோளிலும் விலாவிலும் சேஃப்டி ரேஸர் வசதி. பிளேடு எட்டாத மடிப்புகளில் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துத் தேய்த்தால் தயாரான முட்டை அங்கேயே பொரியும். குதிரையின் வாய் எட்டாதபடி உயரக் கட்டிவைத்து, உடனே துடைத்து எடுத்துவிட வேண்டும். இளம் முட்டை இதற்குப் பொரியாது என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது.

எங்கே செய்கிறோம் என்பதும் முக்கியம். பையன் முதல் நாள் மேய்ச்சல் நிலத்திலேயே நின்று சுரண்டி, முடியைப் புல்லில் உதறிக்கொண்டிருந்தான். அந்தப் புல்லைத்தான் மாலையில் குதிரை தின்னும். அதற்குப் பிறகு கொட்டகையின் சிமென்ட் தரையில் சாக்கு விரித்து, சுரண்டியதையெல்லாம் அதில் சேர்த்து அடுப்பில் போட்டார்கள். வேப்பெண்ணெயை நான் நிறுத்தச் சொல்லவில்லை. முட்டையை அது கொல்லவில்லை. ஆனாலும் எண்ணெய் பூசிய காலில் பிளேடு வழுக்கிக்கொண்டு போனது, வேலை சுலபமாயிற்று. மண்ணெண்ணெய்க்கு மட்டும் கண்டிப்பாகத் தடை. ஒருநாள் பழைய கைலியைக் கிழித்து முன்னங்காலில் கட்டிப்பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் அவிழ்ந்து கருவேல முள்ளில் மாட்டி, செவலை அதை இழுத்துக்கொண்டு ஏரி முழுக்க ஓடியிருக்கிறது. அதோடு அந்த யோசனைக்கு முழுக்கு.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? முட்டை தயாராக ஐந்து நாள் என்றால் நான்கு நாளுக்கு ஒருமுறை சுரண்டுவது போதும்.

எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்குத்தான் புத்தகத்தில் விடை இல்லை. பையன் கைபேசியில் தேடிப் படித்துவிட்டு வந்தான்: முதல் கடும் உறைபனிக்குப் பிறகு மருந்து கொடுக்க வேண்டுமாம், அப்போது ஈக்கள் செத்துவிடுமாம். குளிர்நாட்டுக்கு அது சரியான கணக்கு. வேலூரைப் பற்றித் தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று ஒரு கேலி உண்டு. சாமி 1981இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். அந்தக் காலி இடத்தில் பனி இல்லாத குளிர்காலத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். மார்கழி விடியலில் மூக்கு அடைக்கும், அவ்வளவுதான். பத்து மணிக்கு வெயில் ஏறிவிடும். நமக்கு உறைபனி வந்து ஈயை நிறுத்தப்போவதில்லை. குதிரையின் காலே காலண்டர்.

பையன் அதை நிஜமாகவே செய்தான். தினசரி காலண்டரின் தாளில், சுரண்டும் நாளெல்லாம் செவலையின் இடது முன்னங்காலில் முழங்காலுக்கும் கணுவுக்கும் நடுவே எத்தனை புது முட்டை என்று எழுதினான். முழுதாகச் சுத்தம் செய்த பிறகு வந்த முதல் எண்ணிக்கை 63. அடுத்தது 41. பிறகு வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் 6, அடுத்து 0. பாய் மகிழ்ந்துபோய் பிளேடைப் பரணில் போட்டுவிட்டார். கார்த்திகையில் வானம் வெளுத்ததும் 29. ஈக்கு வெயிலும் காற்றில்லாத மதியமும்தான் வேலை நேரம். மழை அதை ஒளித்து வைத்தது. மார்கழியில் 5, 2, 0, 0. பொங்கல் முடிந்து ஒரு வெக்கையான நாளில் 3. அதற்கப்புறம் தொடர்ந்து மூன்று வாரம் ஒன்றும் இல்லை. தை கடைசியில் நான்குக்கும் இரண்டாம் முறை ஐவர்மெக்டின் பசை கொடுத்தேன். ஒரே ஆண்டின் ஒரே காலின் கணக்கு இது. ஆரணிக்கோ ஆம்பூருக்கோ இதை அப்படியே எடுத்துப்போக வேண்டாம். காலண்டரில் எழுதும் பழக்கத்தை எடுத்துப்போகலாம்.

வெயில் நேரத்தில் ஈ வேலை செய்கிறது என்றால் அந்த நேரத்தில் குதிரையை வெளியே விடக் கூடாது. சொல்வது சுலபம். இரவெல்லாம் மேயவிடலாம் என்றால் பாலாற்றங்கரையில் விரியன் பயம், தெருநாய்க் கூட்டம். கடைசியில் விடியலிலிருந்து ஒன்பது மணி வரையும், மாலை ஐந்திலிருந்து எட்டு வரையும் மேய்ச்சல், நடுப்பகலில் கொட்டகை நிழல் என்று முடிவாயிற்று. வைக்கோல் செலவு கூடியது. அதைப் பற்றிப் பாய் எனக்கு இன்றுவரை கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். லத்தியைப் பச்சையாகவே மல்லிகைத் தோட்டத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் குழியில் குவித்து மூடி, உள்ளே சூடேறி மக்கிய பிறகு கொடுக்கச் சொன்னேன். தோட்டக்காரருக்கு அதுவே மேலாகப் பட்டது.

மறுகரை ஜட்காக்காரர்களிடம் பேசினேன். ஒருவர் ஒத்துக்கொண்டார். மற்றவர், “குதிரை நன்றாகத்தானே தின்கிறது சார், எதற்கு மருந்து?” என்றார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, ஏனென்றால் அது நன்றாகத்தான் தின்றது. பங்குனியில் அந்தக் குதிரையின் லத்தியில் பையன் மூன்று பெரிய புழுவைப் பார்த்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் மண் போட்டு அதில் விட்டு, வாயைத் துணியால் கட்டி ஜன்னலில் வைத்தான். நான்கு வாரம் கழித்துப் பாட்டிலுக்குள் இரண்டு ‘தேனீ’ உட்கார்ந்திருந்தன. பாட்டிலோடு எடுத்துக்கொண்டு போய் அந்த ஜட்காக்காரரிடம் காட்டியிருக்கிறான். மறுநாள் அவர் என்னைத் தேடி வந்தார்.

அடுத்த ஆண்டு ஆவணியில் செவலையின் காலில் முதல் முட்டை தெரிந்தது. பூஜ்ஜியமாகவில்லை, ஆகும் என்று நான் சொல்லவும் இல்லை. அந்தப் பருவத்தில் ஒரு காலில் ஒரே நாளில் எண்ணியதில் அதிகபட்சம் 14. வெள்ளைக்கு மட்டும் பையன் தனி முறை கண்டுபிடித்திருந்தான்: இருட்டிய பிறகு கைபேசி டார்ச்சைக் காலுக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு குட்டி நிழல் விழுகிறது. பாய்க்குக் கண் அவ்வளவு போதாது. அவர் உள்ளங்கையைத்தான் நம்புகிறார்.

அந்த ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போனவர், பிடித்துப்போன ஒரு மட்டக்குதிரையின் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து அதன் முன்னங்காலை எதிர்முடியாகத் தடவியிருக்கிறார். “என்ன பாய், குதிரையின் காலைத் தொட்டுக் கும்பிடுகிறீர்களா?” என்று வியாபாரி கேட்டாராம். நறநறப்பைக் காட்டி விலையில் இரண்டாயிரம் குறைத்து வாங்கி வந்திருக்கிறார். வந்த அன்றே அதற்குப் பசை கொடுத்து, தனிக் கொட்டகையில் கட்டி, பிளேடைப் பரணிலிருந்து எடுத்துவிட்டார்கள்.